வெர்னா போட்ட லைன்

வெள்ளை மாளிகையில் வேலை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தது. பல் டாக்டர்கூட என் வாயைத் திறந்து வைத்துவிட்டு, "அங்க என்னதான் பேசிக்கிறாங்க?" என்று கேட்பார். நான் அங்கே டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள். அதிபருக்கு யாரோடு பேச வேண்டுமோ அவரைத் தேடிப் பிடித்து லைன் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் கண்ணடித்துச் சிரிப்பார்கள். "புரியுது, புரியுது, நீங்க சொல்ல மாட்டீங்க!" சொல்ல மாட்டோம் என்பது வேறு, தெரியாது என்பது வேறு. இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததும் ஆபரேட்டர் தன் சுவிட்சைத் தள்ளிவிட்டு லைனிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சொல்லும் அவள் காதில் விழாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால் தபால் ஆபீசில் இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அது வெறும் எரிச்சல்தான். என் பக்கத்து நாற்காலியில் இருந்த வெர்னா ஸ்ட்ரௌடுக்கு அதனால் ஒரே தம்பி இல்லாமல் போனான். அதிபர்களும் மந்திரிகளும் பதவி முடிந்ததும் ஆளுக்கொரு புத்தகம் எழுதிவிட்டார்கள். ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. அதனால் நான் எழுதுகிறேன்.

வெர்னா நெட்டை, ஒல்லி. வெளியே வாஷிங்டன் வெயில் கொளுத்தினாலும் அவள் ஸ்வெட்டரோடுதான் இருப்பாள். மதியத்துக்கு முட்டை சாண்ட்விச்சும் ஒரு ஆப்பிளும். ஆப்பிளைத் தோல் சீவித் தின்றுவிட்டு, சீவிய தோலையும் தின்பாள். "அப்புறம் எதுக்குடி சீவற?" என்று கேட்டால், "நேரம் போகணுமே மேவிஸ்" என்பாள். குரல்தான் அவளுக்கு வாய்த்த அழகு. ஏதோ ஒரு நாட்டுத் தூதர் அந்தக் குரலை மட்டும் கேட்டுவிட்டுப் பூச்செண்டு அனுப்பினார். "நேர்ல பாத்திருந்தா பூவுக்கு ஆன செலவை நெனச்சு அழுதிருப்பாரு" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

ஆளைத் தேடிப் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு தூதர் விடுமுறையில் மினசோட்டாவில் ஏதோ ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். எந்த ஏரி என்று அவர் மனைவிக்கே தெரியாது. வெர்னா அந்த வட்டாரத்தில் தூண்டில் புழு விற்கும் கடைகளுக்கு வரிசையாகப் போன் போட்டாள். "வழுக்கைத் தலை, கிழக்கத்தி பேச்சு, நிறைய புழு வாங்கியிருப்பாரு, ஒரு மீனும் பிடிச்சிருக்க மாட்டாரு." ஒரு கடைக்காரன் சிரித்துவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டிவந்தான். எழுபத்து மூன்றில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல்மேல் பாய்ந்த அந்த சனிக்கிழமை, பாதி அரசாங்கம் கால்பந்து மைதானத்திலும் மீதி பாதி பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளிலும் இருந்தது. அத்தனை பேரையும் அவள் அள்ளிக்கொண்டு வந்து சேர்த்தாள்.

எங்கள் போர்டில் ஒரு அழைப்புக்கு இரண்டு வயர். ஒன்று இந்தப் பக்கத்துக்கு, ஒன்று அந்தப் பக்கத்துக்கு. வயர் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன விளக்கு. பேச்சு நடக்கும்போது விளக்கு அணைந்திருக்கும், ரிசீவரை வைத்தால் எரியும். மற்ற இடங்களில் இரண்டு விளக்கும் எரிந்த பிறகுதான் ஆபரேட்டர் வயரை உருவுவாள். ஒருவர் வைத்து, மற்றவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்பாள். எங்கள் அறையில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அதிபர் பக்கத்து விளக்கு எரிந்ததா, அந்த நொடியே இரண்டு வயரும் வெளியே வந்துவிட வேண்டும். மறுமுனையில் மகாராஜாவே இருந்தாலும் சரிதான். அதிபர் வைத்த பிறகு அந்த லைனில் ஈ, காக்கை இருக்கக் கூடாது. புதிதாக வந்த பெண்கள் இதற்குத் தயங்குவார்கள், யார் முகத்திலோ கதவை அறைந்து சாத்துகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆறு மாதத்தில் கை தானாகவே போய்விடும். வெர்னாவின் கை விளக்கைவிட வேகமானது என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அவள் மேரிலாந்தில் கம்பர்லாண்ட் என்ற ரயில்வே ஊரில் பிறந்தவள். அப்பா ஆர்வில் ரயிலில் பிரேக்மேன். அம்மா இறந்தபோது வெர்னாவுக்கு இருபது வயது, தம்பி டேரலுக்கு ஆறு. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தது அவள்தான். டெலிபோன் கம்பெனி வேலையாக வாஷிங்டன் வந்த பிறகும் லீவு கிடைத்தால் ரயிலேறிவிடுவாள். கல்யாணம் பற்றி நான் ஒரு தடவை கேட்டேன். "ஒரு பிள்ளையை வளத்தாச்சு. இன்னொண்ணுக்குத் தெம்பில்ல" என்றாள். அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் போர்டுக் குரலாக இருக்காது.

எழுபதாம் வருஷம் ஏப்ரலில் டேரலுக்குப் பட்டாளத்தில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. வியட்நாம் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவன் வெர்னாவின் வீட்டுக்குப் போன் செய்தான்.

"வெர்னா, எனக்கு வந்திருச்சு. அடுத்த மாசம் ஆஜராகணுமாம்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அவருக்கு சந்தோஷம். அவரு போன சண்டையைப் பத்தி ஒரு மணி நேரம் சொன்னாரு. அதை விடு. நீ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடுறோம்னு டிவில சொல்றாங்களே, நெசமா? சண்டை முடியப்போகுதா, பெருசாகப்போகுதா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"வியட்நாம்ல சைகோனுக்கு லைன் போடுறது நீதானே?"

"போடுறது நான். பேசறது நான் இல்ல."

"ஒரே வார்த்தை, வெர்னா. முடியப்போகுதுன்னா போறேன். இல்லன்னா கனடாவுக்கு ஓடிடறேன். ஏன், எப்படின்னு எதுவும் கேக்க மாட்டேன்."

"தெரியாதுடா. சத்தியமா தெரியாது."

அந்த மாதக் கடைசியில் அதிபர் டிவியில் வரைபடத்தைக் காட்டி, நம் படை பக்கத்து நாடான கம்போடியாவுக்குள்ளும் போகிறது என்று அறிவித்தார். அன்றைக்கே டேரல் மறுபடி கூப்பிட்டான்.

"இந்த வாரம் பூரா நீ டூட்டில இருந்தியா?"

"இருந்தேன்."

"ஜெனரலுக்கும் தூதருக்கும் லைன் போட்டுக்கிட்டே இருந்திருப்ப."

"போட்டேன்டா. ஆனா..."

"அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னை அனுப்பப் பாத்தே. உனக்கு அவங்கதான் பெரிசு." அதோடு இதையும் சொல்லியிருக்கிறான். "நான் போறேன். என்னைத் தேடாத. நீ தேடினா கண்டுபிடிச்சிருவ, அது எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், தேடாத."

அவன் போய்விட்டான். அப்பா அவன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, "இந்த வீட்ல கோழைங்க கிடையாது" என்று சொல்லிவிட்டார். வெர்னா தேடவில்லை. தண்ணீருக்கு நடுவில் இருந்த தூதரைப் புழுக்கடை வழியாகப் பிடித்தவள், கூடப் பிறந்தவனை ஏழு வருஷம் தேடவில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு போன் போடேன்டி, செத்தா போயிடுவ?" என்று கத்துவேன். "வேணாம்னு சொன்னவனைத் தேடிப் பிடிச்சா, அது பிடிச்சதா ஆகாது மேவிஸ்" என்பாள். வேலை முடிந்ததும் ஒற்றை அறை வீட்டுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வாள். அவள் வீட்டு டெலிபோன் அடிப்பதே அபூர்வம். நாள் முழுக்க அடுத்தவர் பேச வழி செய்கிறவளோடு பேச ஒரு ஆள் இல்லை.

எழுபத்தைந்தில் சைகோன் எதிரி கையில் விழுந்த நாளும் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அழைப்புமேல் அழைப்பாக வந்துகொண்டிருந்தது, பிறகு அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. வெர்னா ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொருமுறை. "இந்த லைனுக்காகத்தான் அவன் என்னை விட்டுட்டுப் போனான்" என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு ஒரு காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

எழுபத்தேழு ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற மறுநாளே, பட்டாளத்துக்குப் போகாமல் ஓடிய பிள்ளைகளுக்கெல்லாம் மன்னிப்பு கொடுத்தார். பயமில்லாமல் வீடு திரும்பலாம். நான் செய்தியைக் கேட்டுக் குதித்தேன். வெர்னா தன் ஆப்பிளைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"அதிபர் மன்னிச்சுட்டாரு மேவிஸ். அவன் மன்னிக்கணுமே."

அடுத்த மாதம் ஆர்வில் ஸ்ட்ரௌட் நுரையீரலில் நீர் கோத்து ஊர் ஆஸ்பத்திரியில் படுத்தார். வெர்னா லீவு போட்டுப் போனாள். மூச்சுக்கு நடுவில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"உலகத்துல இருக்கிற எல்லாரையும் தேடிப் பிடிக்கிற. என் பையனைப் பிடிக்க மாட்டியா?"

"தேடாதன்னு சொல்லியிருக்கான்ப்பா."

"நீ தேட வேணாம். நான் தேடுறேன். நீ நம்பரை மட்டும் சுத்து."

அப்படி ஒரு சாக்குக்காகத்தான் அவள் ஏழு வருஷமாகக் காத்திருந்தாள் போலிருக்கிறது. பெரிய வேலையாக இல்லை. டேரலோடு படித்தவனின் அம்மா, டொராண்டோவில் இந்தப் பிள்ளைகளுக்கு உதவிய ஒரு சர்ச், வடக்கே ஒரு மர அறுவை மில், கடைசியில் அந்த மில்லுக்குப் பக்கத்தில் ஒரு கடை. டேரல் இருந்த இடத்தில் டெலிபோன் அந்தக் கடையில்தான். கடைக்காரரிடம் தகவல் சொல்லச் சொன்னாள். மறுநாள் அவரையே கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுறேன்னாம்மா. யார் தேடறதுன்னு கேட்டான். அக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு காப்பி வாங்கிக் குடிச்சான். போயிட்டான்."

அன்று எனக்குப் போன் செய்து இதை நாலு தடவை சொன்னாள். "நின்னு ஒரு காப்பி குடிச்சிருக்கான், மேவிஸ். கோவம் இருந்தா அப்பவே கெளம்பியிருப்பான் இல்ல? முதல்ல அப்பா பேசட்டும். அவர் முடிச்சதும் நான் சுவிட்சைத் திறந்து, 'டேரல், நான் வெர்னா'ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். மிச்சம் அவன் பாடு." அந்தக் குரலில் அவளை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இருபது வயதுப் பெண் மாதிரி இருந்தாள்.

சுவிட்ச் என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளி அறைகளுக்குப் போகும் போன் எல்லாம் கீழே வராந்தாவில் இருந்த ஒரு பழைய வயர் போர்டு வழியாகத்தான் போகும். அதில் உட்கார்ந்திருந்த ஆர்லீன் என்பவள் வெர்னாவோடு பள்ளியில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, கைக்குட்டையால் அதைத் தட்டிக்கூட விட்டாளாம்.

"உக்காருடி. வெள்ளை மாளிகை அம்மா எங்க போர்டுல உக்காந்தா ஆஸ்பத்திரிக்கே பெருமை. உன் தம்பி லைனை உன் கையாலயே போடு. நான் சூப்பைக் குடிச்சிக்கிறேன்."

வெர்னா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். சர்ச் விடும் நேரம். கனடாவிலிருந்து ஆபரேட்டர், ஆர்வில் ஸ்ட்ரௌடுக்கு அழைப்பு என்றாள். அந்த ஆபரேட்டரின் குரலுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது லைனில் கேட்டது. எதையாவது கேட்பதற்குமுன் டேரல் சின்ன வயதில் அப்படித்தான் செருமுவான். அவன்தான் என்று வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மேலே அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார், முதலில் அவர். "கொஞ்சம் இருங்க, இணைக்கிறேன்" என்று போர்டுக் குரலில் சொல்லி, அறைக்கு வயரைச் செருகினாள். "டேரலா?" என்று அப்பாவின் குரல் கேட்டது. சுவிட்சைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆர்லீனுக்குத் தாங்கவில்லை. "கேளேன்டி! உன் அப்பா, உன் தம்பி. யாருடி உன்னைப் பிடிச்சு ஜெயில்ல போடப் போறா?"

"அவங்க பேசறாங்க ஆர்லீன். அவங்க பேச்சு."

இரண்டு விளக்கும் அணைந்தே இருந்தன. பேச்சு நீண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் போர்டில் மற்ற அழைப்புகள் வர ஆரம்பித்தன. பிரசவ வார்டுக்கு ஒன்று. எலும்பு முறிவுக்கு ஒன்று. பாதிரியாரைத் தேடி ஒன்று. ஆர்லீன் சூப்பை வைத்துவிட்டு எழப்போனாள். "நீ குடி, நான் பாத்துக்கறேன்" என்று வெர்னா அவற்றை எடுத்துப் போட ஆரம்பித்தாள். செருகு, தள்ளு, உருவு. கைக்கு வேலை கிடைத்துவிட்டது. பாதிரியார் கிடைத்தாரா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓரக்கண்ணில் அப்பாவின் விளக்கு எரிந்தது.

கை போய்விட்டது. இரண்டு வயரையும் உருவிவிட்டது.

உருவின வயர்கள் கையில் இருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. டேரலின் விளக்கு எரியவே இல்லை. அவன் வைக்கவில்லை, அந்தப் பக்கம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்திருக்கிறான். வயரைத் திரும்பச் செருகினாள். ஒன்றும் இல்லை. "என் கைதான் மேவிஸ், நான் இல்ல. என் கைதான்" என்று பிறகு என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

மாடிக்கு ஓடினாள். அப்பா தலையணையில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தார். அவர் சிரித்து அவள் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

"பேசிட்டியா? அதுக்குள்ளயா?"

"யார்கிட்டப்பா?"

"யார்கிட்டயா? டேரல்கிட்டதான். வெர்னா அங்க இருக்காளா, அவகிட்ட பேசணும்னான். கீழ போர்டுல அவதான் இருக்கா, இரு, நான் வெச்சுடறேன், அவ பேசுவான்னு சொல்லிட்டுத்தானே வெச்சேன்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பேசிட்டேன்ப்பா" என்று சொன்னாள். வாழ்க்கையில் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே வந்து கடையைக் கூப்பிட்டாள்.

"இப்பதாம்மா போனான்" என்றார் கடைக்காரர். "ரிசீவரைக் கையில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தான். என்னடா ஆச்சுன்னேன். 'கட் பண்ணிட்டா'ன்னான். லாரியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

அந்த வாரமே ஆர்வில் இறந்துபோனார். கடைக்காரரிடம் தகவல் சொன்னாள். டேரல் அடக்கத்துக்கு வரவில்லை. பனியில் சாலை மூடியிருக்கும் என்று நான் ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். "ரயில் ஓடுது மேவிஸ்" என்றாள், பிரேக்மேன் மகள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை. வேலைக்கு வந்தாள். பனாமா கால்வாய் ஒப்பந்தத்துக்காக செனட்டர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள். யாருடைய லைனும் அவள் கையில் தவறவில்லை.

எழுபத்தெட்டு செப்டம்பரில் எகிப்துக்காரரும் இஸ்ரேல்காரரும் எங்கள் அதிபரோடு மலைமேல் முகாமில் அடைந்து கிடந்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டேன் என்கிறார்கள், பெட்டியைக் கட்டிவிட்டார்கள் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேரும் மாறி மாறிக் கையைக் குலுக்கியதை நாங்கள் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அடுத்த ஞாயிறு வெர்னா என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"முப்பது வருஷம் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டவங்க பேசி முடிச்சுட்டாங்க. எனக்கு எட்டு வருஷம்தானே மேவிஸ்."

"அவங்களுக்கு நடுவுல ஒரு அதிபர் இருந்தாருடி. உனக்கு யாரு இருக்கா?"

"நீ இருக்க. அதான் உன் வீட்டுக்கு வந்தேன்."

டேரல் இப்போது சொந்தமாகப் போன் வைத்திருந்தான். நம்பரைக் கடைக்காரர் கொடுத்திருந்தார். வெர்னா சுற்றினாள். மணி அடிக்கத் தொடங்கியதும், ரிசீவரைக் கொஞ்சம் சாய்த்து, என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். அத்தனை வருஷத்தில் யாருடைய பேச்சையும் ஒட்டுக் கேட்காத நாங்கள் இருவரும் ஒரே ரிசீவரில் காதை வைத்து உட்கார்ந்தோம்.

"டேரல், நான் வெர்னா."

பதில் இல்லை. வைக்கவும் இல்லை.

"அன்னைக்கு நான் வேணும்னு பண்ணலடா. கை பழக்கம். அப்பா பக்கம் விளக்கு எரிஞ்சதும் தானா உருவிடுச்சு. நீ என்னைக் கேட்டேன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்."

"உனக்கு எதுவுமே தெரியாதுல்ல" என்றான். குரல் தடித்துப் போயிருந்தது, ஆனால் கோபமாக இல்லை. களைத்திருந்தது. "சண்டை பெருசாகப் போறது தெரியாது. நான் லைன்ல நின்னது தெரியாது."

"தெரியாதுடா."

"வெர்னா, நான் ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. எத்தனை வருஷமா அங்க லைன் போடுற? ராஜாவுக்கு, மந்திரிக்கு, ஜெனரலுக்குன்னு ஆயிரக்கணக்குல போட்டிருப்ப. இப்படி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பா யாரையாவது கட் பண்ணியிருக்கியா?"

ஆமாம் என்று சொல் என்று நான் அவள் தொடையைக் கிள்ளினேன். ஆமாம், நிறையத் தடவை, நான் ஒரு மண்டு, எனக்கு இந்த வேலையே ஒத்துவரவில்லை என்று சொல்லித் தொலையேன்! வெர்னா என்னைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"இல்ல" என்றாள்.

"அப்புறம் என்ன" என்றான் டேரல்.

அவன் மூச்சு எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் உடனே வைக்கவில்லை, அதை நான் சத்தியம் செய்வேன். அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவளுக்கோ உண்மையைச் சொன்ன பிறகு சொல்ல வேறொன்றும் இல்லை. பிறகு அவன் வைத்துவிட்டான்.

நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். இருக்கிற கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். "ஒரு பொய்யி! தம்பிக்காக ஒரே ஒரு பொய்யி சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையே மேவிஸ்" என்றாள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் போன பிறகும் அவள் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. இந்த முறை வைத்தது அவன்தானே, அவனுக்குத் தோன்றினால் கூப்பிடுவான் என்று இருந்துவிட்டாள். ஈரானில் நம் ஆட்களைப் பிடித்துவைத்த அந்த நீண்ட மாதங்களில், சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு லைன் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. மறுமுனையில் அம்மாக்கள் அழுது முடிக்கும்வரை அவள் பொறுமையாகக் காத்திருப்பாள். இன்னொரு அதிபர் வந்தார். ரஷ்யரோடு பேச்சு, சண்டை, மறுபடி பேச்சு. போர்டில் வயர்கள் போய்ப் பொத்தான்கள் வந்தன. பெர்லின் சுவர் இடிந்த வருஷம் அவள் ஓய்வு பெற்றாள். கேக் வெட்டினோம். பேசச் சொன்னபோது, "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவள் கம்பர்லாண்டில் அப்பாவின் வீட்டில் தனியாக இருக்கிறாள். டேரலின் போட்டோவை மறுபடி சுவரில் மாட்டியிருக்கிறாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட பிறகு நான் அவளுக்குப் போன் செய்கிறேன். இடுப்பு வலியைப் பற்றிப் பேசுவோம், முட்டை விலையைப் பற்றிப் பேசுவோம், டிவியில் வருகிற புது அதிபரைக் கிழிப்போம். அதெல்லாம் பிறகு. என் பக்கம் முதல் மணி முடிவதற்குள் அவள் ரிசீவரை எடுத்துவிடுவாள். "ஹலோ?" என்று கேட்கும் அந்தக் குரல் போர்டுக் குரல் இல்லை, எனக்கான குரலும் இல்லை. நான்தான் மேவிஸ் என்று சொல்ல ஒவ்வொரு வாரமும் எனக்கு நாக்கு கூசுகிறது.